தாமதத்துக்கான காரணம்

பதினோரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன்.
நாங்கள் குடிப்பதில்லை.
தண்ணீரைச் சொல்கிறேன்.
அடுத்த கழிப்பறை ஒன்றரை மணி நேரத்துக்கு அப்பால்,
நடுவில் ஐம்பத்திரண்டு நிறுத்தங்கள்.
உதடு நனைய ஒரு மிடறு. மூடியைத் திருகு. பிரேக்கை விடு.

இப்போது பயிற்சி அட்டவணை சொல்கிறது:
நாளைக்கு மூன்று லிட்டர்.
அட்டவணை என் தடத்தில் ஒருநாளும் ஏறியதில்லை.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்றதும்
கேன்டீனில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.
எனக்கு அது ஒரு போக, ஒரு வர.
யீஷூனில் புறப்பட்டு, ஷென்டன் வேயில் திரும்பி,
மறுபடி யீஷூன்.
கொசுறாக ஓர் இருநூறு மீட்டர்,
முனையத்துக் கழிப்பறை வரை.

சுவரில் தாள் ஒட்டினேன்.
நிறுத்தத்துக்கு இரண்டு வெள்ளி, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.
கதீஜா தோ பாயோவில் நான்கு எடுத்தாள்,
பிறந்த புளோக் அங்கேதான், இடித்துவிட்டார்களாம்.
மெக்கானிக் பூன் டெக்
நொவீனா மருத்துவமனை நிறுத்தத்தை மட்டும் கேட்டு
இருபது வெள்ளி வைத்தார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
ஜொகூரிலிருந்து பைக்கில் வரும் தனபாலன்
அங் மோ கியோ மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார்.
விடிகாலையில் பாலத்தில் அவர் வரிசையில் நிற்க
பக்கத்துக் குழாயில் தண்ணீர் நிற்காமல் எல்லை தாண்டும்.
"அதுக்கு பாஸ்போர்ட்டே வேணாம் பாருங்க."
தினமும் சொல்வார், தினமும் அவரே சிரிப்பார்.
மேலாளர் மட்டும் கேட்டார்:
ஓடாமலே கொடுத்தால் என்ன?
நல்ல கேள்வி.
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

துண்டறிக்கையில் ஒரு சிறுமி.
கம்போடியாவில் ஏதோ ஓர் ஊர், கையில் மஞ்சள் கேன்.
அழவில்லை. சிரிக்கவும் இல்லை.
படம் எடுப்பவரைப் பார்க்கிறாள்,
நேரத்துக்கு வராத பேருந்தைப் பார்ப்பதுபோல.
முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அந்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.
கதவு திறந்ததும் அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை,
அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

ஞாயிறு இரவு, முப்பத்திரண்டு கிலோமீட்டர்.
மழை விட்ட தார்ச்சாலை
இட்லிப் பானையைத் திறந்தாற்போல் ஆவி விட்டது.
இருக்கையில் உட்கார்ந்து போகும்போது தெரியாத மேடுகள்
ஒவ்வொன்றாக வந்து பெயர் சொல்லின.
நொவீனாவிலேயே போத்தல் காலி.
தோ பாயோவில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது,
கதீஜாவின் இரண்டாவது நிறுத்தத்தில் உட்கார்ந்தேன்.
இன்னும் மூன்று கிலோமீட்டர்.
பணம் பந்தய நாளுக்குத்தான், இன்றைக்கு இல்லை.
தெரியும்.
ஆனாலும் ஏழு நிறுத்தங்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன.

கடைசிப் பேருந்து வந்தது. என் தடம்.
ஸுல்கிஃப்லி கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார்,
வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
ஏறினேன்.

அவருடைய போத்தலை நீட்டினார்.
மதியம் வாங்கியது, சீல் உடைக்கவில்லை.
கம்பியைப் பிடித்தபடி முழுவதையும் குடித்தேன்.
கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் விழுங்க விழுங்க
அவர் தொண்டை அசைந்தது.

பந்தயத்துக்கு இன்னும் ஆறு வாரம்.
விட்ட ஏழு நிறுத்தங்களைப் புதன்கிழமை ஓடி முடித்தேன்,
அதே பெஞ்சிலிருந்து தொடங்கி.
யாரும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

நேற்று ஷென்டன் வேயில்
புறப்படும் நேரம் வந்த பிறகும் நின்று
ஒரு போத்தல் தண்ணீர் குடித்தேன், அவசரமில்லாமல்.
கழிப்பறைக்கும் போய்வந்தேன்.
பயணிகள் கைப்பேசியில் மணி பார்த்தார்கள்.
நான்கு நிமிடம்.

படிவத்தில், தாமதத்துக்கான காரணம்:
நெரிசல், விபத்து, பழுது, மற்றவை.
மற்றவையில் குறியிட்டேன்.
பக்கத்துக் கோட்டில்
தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.