ஒன்றேகால் பார்

இரவு ஒன்றே முக்கால்.
காசிமேட்டு ஐஸ் ஃபாக்டரியில்
கிரஷர் நின்ற பிறகும்
காதுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கிறது.
பில் புத்தகத்துக்கு அடியில்
குரூப் ஃபோர் கைடு.
எழுபத்தோராம் பக்கம், ஒரு மூலை ஈரம்.

கீழ்க்கண்டவற்றுள் எது
ஒரு நிகழ்ச்சியின் நிகழ்தகவாக இருக்க முடியாது?

0.03.
கேட் பாஸ் இல்லாத ஆளை
செக்யூரிட்டி லாசரஸ் உள்ளே விடுவது.
சின்ன எண்தான், ஆனாலும் எண்.
போன வருஷம் மழையில் ஒருமுறை விட்டார்.

ஏழில் நான்கு.
வாரத்தில் நான்கு ராத்திரி எனக்கு ஷிஃப்ட்.
கண்ணை மூடிக் காலண்டரைத் தொட்டால்
பாதிக்குக் கொஞ்சம் மேலே
நான் இங்கேதான்.

பூஜ்யத்தில் பென்சில் நின்றது.
இதுவுமா?
இதுவும்தான்.
நடக்கவே நடக்காது என்பதற்கும்
ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, 1.2.

எனக்குத் தெரிந்தது ஐஸ் பார் கணக்கு.
முழு பார், அரை பார், கால் பார்.
ரம்பம் எங்கே வேண்டுமானாலும் இறங்கும்.
ஆனால் ஒரே பாரிலிருந்து
ஒன்றேகால் வெட்டிக் கொடுத்தவன்
இந்தத் துறைமுகத்தில் கிடையாது.
உருகினாலும் அப்படித்தான்.
குறைந்து குறைந்து
இல்லை என்பதில் போய் நிற்கும்.
இல்லைக்குக் கீழே ஐஸ் இல்லை,
ஈரத் தரை.

மைனஸ் என் கடன் நோட்டில் உண்டு.
போட்டு ஓனர் மகிமைராஜ்,
மைனஸ் பதினெட்டாயிரத்து நானூறு.
அவர் அதைத் தருவதற்கான வாய்ப்பை
மைனஸில் எழுதக் கை துடிக்கிறது.
முடியாது.
எவ்வளவு கோபம் இருந்தாலும்
பூஜ்யம் வரைதான் திட்டலாம்.

தேசிங்கு அவர் போட்டில்தான் போனான்.
"பதினஞ்சாம் தேதி கரையில நிப்பேன் பியூலா,
நூத்துக்கு நூத்திருவது."
சிரித்துக்கொண்டே பத்து பார் பில் போட்டேன்.
அப்போதே திருத்தியிருக்க வேண்டும்.
இன்று பத்தொன்பது.

சாயங்காலம் திரும்பிய போட்டுக்காரர்
வயர்லெஸ்ஸில் கேட்டதைச் சொன்னார்:
கிருஷ்ணபட்டினம் பக்கம்
இன்ஜின் நின்ற போட்டு ஒன்றை
இழுத்து வருகிறார்களாம்.
பெயர் இரைச்சலில் போய்விட்டது.
'மா'வில் முடிந்ததாம்.

'மா'வில் முடியும் போட்டுகள்
எங்கள் லெட்ஜரில் முப்பத்தொன்று.
அதில் வடக்கே போனவை ஐந்து.
அதில் கரைக்கு வராதவை இரண்டு.
இரண்டில் ஒன்று அவனுடையது.

விடை ஈ. வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டேன்.
ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன்,
இந்த முனை பூஜ்யம், அந்த முனை ஒன்று.
நடுவில் புள்ளி வைத்தேன்.
அழித்தேன்.
இன்ஜின் நின்றதுதானே, முழுகவில்லையே என்று
கொஞ்சம் வலப்பக்கம் வைத்தேன்.
காற்று ஜன்னலை அடித்தது. அழித்தேன்.
அழித்து அழித்து அந்த இடத்தில்
காகிதம் மெலிந்து
பின்பக்கத்துக் கணக்கு தெரிகிறது.

லோடுமேன் கண்ணாடியைத் தட்டுகிறான்.
"அக்கா, பத்து பார். ஒண்ணு முனை ஒடஞ்சிருச்சி."

ஒன்பதே முக்கால் என்று எழுதுகிறேன்.