அகப்பையின் கைப்பிடி

தம்பெரே ஏரிக்கரையில் பொதுச் சௌனா.
பெட்டிச் சாவி கொடுப்பது என் வேலை.
வருகிறவர்கள் பூட்ஸைக் கழற்றுவார்கள்,
கம்பளிச் சட்டையை, கண்ணாடியை,
கடைசியில் கொஞ்சம் தயங்கி
போனையும் உள்ளே வைத்துப் பூட்டுவார்கள்.

"செயலியை ஏற்றியாச்சா?"
அந்த செப்டம்பரில்
வானிலைக்கு அடுத்த பேச்சு இதுதான்.

ஹில்க்கா சிரித்தாள்.
முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள்.
"ஒட்டுக்கேட்கக் கூடாது என்றுதான் எங்களுக்கும் விதி.
யார் கேட்காமல் இருந்தோம்?"

டாக்ஸி ஓட்டும் யோர்மா
காலையில் ஏற்றி இரவில் நீக்கிவிட்டான்.
"வீட்டிலேயே கிட என்று அது சொல்லும்.
வண்டித் தவணையை அதுவா கட்டும்?"

ரைசா முதல் நாளே ஏற்றிவிட்டாள்.
பேட்டரி தீர்கிறது என்று
புளூடூத்தை அணைத்தே வைத்திருக்கிறாள்.

இல்ப்போவிடம் பொத்தான் வைத்த பழைய போன்.
"எனக்கு வந்தால் என் இருமலே ஊருக்குச் சொல்லும்" என்றார்.
பலகை முழுக்கச் சிரிப்பு.
சிரித்து முடித்ததும்
அவர் இருமுகிறாரா என்று
ஒரு கணம் எல்லோரும் காத்திருந்தோம்.

நான் ஏற்றியிருந்தேன்.
அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை பொங்கி வழிந்ததால் அல்ல.
என் தங்கை ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள்.

அது என் பெயரைக் கேட்கவில்லை.
எந்தத் தெரு என்று கேட்கவில்லை.
பதினைந்து நிமிடம், இரண்டு மீட்டர்:
அதற்குத் தெரிந்த உறவுமுறை அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும்
போனை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு
நானும் உள்ளே போவேன்.
முழங்காலோடு முழங்கால் இடிக்க
ஆவியில் நாங்கள் வெந்துகொண்டிருக்கையில்
வெளியே இருட்டில் போன்கள்
தமக்குள் விசாரித்துக்கொள்ளும்.
நீ யார்? ஓர் எண்.
நீ? நானும் ஓர் எண், நாளைக்கு வேறு.
எங்களைவிட நாசூக்காக.

கல்லில் நீர் ஊற்றும் மர அகப்பை மட்டும்
கை மாறிக் கை மாறி வரும்.
எத்தனை உள்ளங்கை பட்டதோ,
கைப்பிடி கறுத்து வழவழவென்றிருக்கும்.
அனுமதி கேட்டு அதைத் தொட்டவர் யாருமில்லை.

அக்டோபர் ஆறாம் தேதி
காபியில் மணம் இல்லை.
பால் கெட்டிருக்கும் என்று நினைத்தேன்.
பால் போடாமல் குடித்துப் பார்த்தேன்.

சோதனைக்குப் பிறகு
குறுஞ்செய்தியில் ஒரு குறியீடு வந்தது.
செயலியில் அதை இட்டால் எச்சரிக்கை போகும்.

யாருக்கு?
இழுப்பறைக்கு நேர் பின்னால், சுவரை ஒட்டிய பெட்டிகளில்
போன் வைத்தவர்களுக்கு.
என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காதவர்களுக்கு.
என் வியர்வை பட்டவர்களுக்குப் போகாது.

இட்டேன்.
இட்டுவிட்டு இல்ப்போவைக் கூப்பிட்டேன்.
எட்டு மணி அடித்த பிறகு எடுத்தார்.

"யார் சொன்னது?"
"நான்தான் சொல்கிறேன். எனக்குத்தான்."
மௌனம். எங்கள் ஊரில் அதுவும் பேச்சுதான்.
"செவ்வாயன்று உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்."
"ஆமாம்."
"அகப்பையை நீதான் நீட்டினாய்."
"ஆமாம்."
"சரி. ரைசாவிடம் நான் சொல்கிறேன்.
யோர்மாவை நீ கூப்பிடாதே, கத்துவான்.
அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன்."

பொத்தான் போனில் ஒவ்வோர் எண்ணாக அழுத்தி
எல்லோரையும் அழைத்திருக்கிறார்.
சாயங்காலத்துக்குள்
என் பெயர், நான் இருந்த பலகை, குடித்த காபி,
எல்லாம் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது.
ஊர் வாயை மூட உலைமூடி ஏது.
ஹில்க்கா அழைத்தாள்:
"ஒட்டுக்கேட்கவில்லை. கேள்விப்பட்டேன்."

மறுநாள் ஜன்னலில் நின்றிருந்தேன்.
யோர்மாவின் வண்டி தெருவில் போனது.
மேல்விளக்கு எரியவில்லை.
அப்படியென்றால் பின்சீட்டில் யாரோ.

ரயில் நிலையம்வரை என்றால் பன்னிரண்டு நிமிடம்.
விமான நிலையம் என்றால்