பதினேழாம் தேதி

லாசுப்பேட்டை ஓடுபாதை, கிழக்கு முனை.
விரிசலை அடைத்த சிமெண்டில்
ஒரு நாய் நிதானமாக நடந்துபோன தடம்.
இறுகிவிட்டது.

பதிவேட்டில் அன்றைய தேதிக்கு
'விலங்கு நடமாட்டம்: இல்லை.'
கீழே என் கையெழுத்து.
திங்கட்கிழமையே போட்டது,
வாரம் முழுவதற்கும், ஒரே மூச்சில்.

சென்னையிலிருந்து வந்த ஆய்வாளர் தனபூஷணி
குனிந்து தடத்துக்குள் விரல் வைத்தார்.
திட்டவில்லை.
"அடைத்தது என்றைக்கு?"
"பதினேழு."

அறையில் மேலதிகாரி சவரிராயன்
காபி சொன்னார்.
நாய்தானே மேடம், என்றார்.
விமானம் நல்லபடியாக இறங்கிவிட்டதே.
அப்புறம் என்னைப் பார்த்து,
பையன் புதுசு, என்றார்.
பதினோரு வருடம் ஆகிறது.

தனபூஷணி எழுதிக்கொண்டே இருந்தார்.
காபியில் ஆடை படிந்தது.
என் பெயரையும் இனிஷியலையும் கேட்டார்.
சொன்னேன்.
அவர் கேட்காத
சவரிராயனின் இனிஷியலையும்.