மற்றும் பிறர்

ஆய்விதழ் அனுப்பிய விதிமுறை பதினோரு பக்கம்.
நாற்புறமும் ஓரங்குல ஓரம்,
வரிக்கு வரி இரட்டை இடைவெளி,
ஆண்டு பிறையடைப்பில், நூற்பெயர் சாய்வெழுத்தில்.
சாய்த்தால் தமிழ் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிறது.
நிமிர்த்தினால் திருப்பி அனுப்புகிறார்கள்.

குடும்பப் பெயர் முதலில் வேண்டுமாம்.
கா. வளர்மதி என்று கொடுத்தேன்.
மென்பொருள் சற்று யோசித்து
காளியண்ணன், வ. என்றது.
ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என் அப்பா
மல்லசமுத்திரம் வட்டார நிலத்தடி நீர் பற்றி
ஆய்வுக் கட்டுரை எழுதியவரானார்.
காட்டினேன்.
"முன்னயே சொல்லியிருந்தா
நம்ம கெணத்தையும் ரெண்டு வரி எழுதியிருப்பனே" என்றார்.

நாற்பத்தொன்று வரை சிக்கலில்லை.
மழையளவு, வரைபடம், வாரிய அறிக்கை:
எல்லாவற்றுக்கும் ஊருண்டு, ஆண்டுண்டு, பக்கமுண்டு.
நாற்பத்திரண்டு ஒரு டைரி.
உரக்கடை இலவசமாகக் கொடுத்தது,
அட்டையில் கிரீஸ் கைரேகை,
ரிக் வண்டியின் கேபினில்
ஊதுவத்திப் பாக்கெட்டுக்கடியில் கிடந்தது.
யார் தோட்டம், எத்தனை ராடு, என்ன வந்தது.
ராடுக்கு இருபதடி.
முப்பத்தெட்டு. நாற்பத்தாறு. அறுபத்தொன்று.
தண்ணீர் வந்தால் இஞ்சுக் கணக்கு.
வராவிட்டால் ஒரே சொல்: புகை.

என் கட்டுரையின் மூன்று வரைபடமும்
அந்தப் புகையிலிருந்து எடுத்தவை.

படிவம் கேட்கிறது:
ஆசிரியர்? பதிப்பகம்? பதிப்பிடம்?
திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டுப் பட்டறையில்
வண்டிக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார் அர்த்தநாரி அண்ணன்.
"பதிப்பிடமா? வண்டி எங்க நிக்குதோ அங்கதானுங் அம்மிணி."
எழுதியது நீங்கள்தானே?
"ஆடி வரைக்கும் நானு. அப்பறம் புத்ராமு,
சத்தீஸ்கர்க்காரன், ஊருக்குப் போயிட்டான்.
நடுவுல ஒரு பையன் நாலு மாசம்.
பேரு... சோட்டுன்னுதான் கூப்புடுவம்."

வீட்டில் மறுபடி விரித்தேன். மூன்று கை.
ஒன்று, யாரும் கேட்காமலே சாய்ந்து எழுதுவது.
ஒன்று, தமிழ் தெரியாமல் தமிழை வரைந்தது.
புகையின் இணைக்கொம்பை
எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டியிருக்கிறது,
பக்கம் பக்கமாக, ஒருமுறைகூடத் தவறாமல்.
மூன்றாவதில் எழுத்தே கிடையாது.
ராடுக்கொரு கோடு, ஐந்தாவது குறுக்கே.

விதி, பக்கம் ஒன்பது:
ஆசிரியர் மூவரோ மேற்பட்டோரோ எனில்
முதற்பெயர் மட்டும் தந்து
மற்றும் பிறர் என்க.

தட்டச்சு செய்தேன். அர்த்தநாரி மற்றும் பிறர்.
வரி அழகாக அடங்கியது.
அதுதான் உறுத்தியது.

நெறியாளர் சிவப்பில் சுழித்தார்.
"இது மூலமே இல்லீங்க, எடுத்துருங்க.
மனசு கேக்கலீன்னா தனிப்பட்ட உரையாடல்னு போடுங்க,
பட்டியல்ல வராது, பிரச்சினை இல்ல."
என்ன உரையாடல்?
கம்ப்ரசர் ஓடும்போது அங்கே
பக்கத்தில் நிற்பவன் தும்மினால்கூடக் கேட்காது.

ஆகவே அடிக்குறிப்பு.
பத்துப் புள்ளி எழுத்தில், கோட்டுக்குக் கீழே,
ஐம்பது சொல்லுக்கு மிகாமல் அனுமதி உண்டு.
இறக்கினேன்.

அடிக்குறிப்பு 7. ராடுகளை எண்ணியவர்கள்:
சி. அர்த்தநாரி;
புத்ராம், முன்னெழுத்து தெரியவில்லை;
சோட்டு என அழைக்கப்பட்டவர், பெயர் தெரியவில்லை.
எண்ணிக்கையில் பிழையிருந்தால் பொறுப்பு என்னுடையது.

கடைசி நாள், இரவு பதினொன்று.
எலச்சிபாளையம் பக்கம் ஏதோ காட்டிலிருந்து போன்.
"அம்மிணி, பையன் பேரு கெடச்சிருச்சுங்..."
பின்னால் கம்ப்ரசர்.
சத்தமாச் சொல்லுங்கண்ணா என்றேன்.
சத்தமாகத்தான் சொன்னார்.
தி என்று கேட்டது, மீதி புகை.
லைன் போய்விட்டது.

தி., என்று அடித்து
புள்ளியும் காற்புள்ளியும் வைத்தேன், விதிப்படி.
முன்னெழுத்து கிடைத்துவிட்டது.
இனிப் பெயர் வேண்டும்.