நூற்று ஐம்பத்தொன்பது

கதவு நிலையில் இரண்டு பென்சில் கோடுகள்.
மேலே உள்ளது படுக்கையிலிருந்து எழுந்ததும் போட்டது.
கீழே உள்ளது ஷிப்ட் முடிந்து வந்து.
நடுவில் ஓர் எறும்பு
தலை இடிக்காமல் நடந்துபோகலாம்.
தம்பி டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொல்கிறான்:
"காலைல நீ போலீசு. ராத்திரி இல்ல."

ஓசூர் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று
கண்ணுக்கே தெரியாத திருகாணியைத் திருகுகிறேன்.
மாதம் பதினாறாயிரம், பஸ் இலவசம்,
முதுகெலும்பு என் செலவு.

எழுத்துத் தேர்வு தாண்டியாயிற்று.
நானூறு மீட்டருக்கு இரண்டரை நிமிடம் தருகிறார்கள்,
எனக்கு ஒன்று ஐம்பது போதும்.
"அளக்கற வரைக்கும் நிக்காத, உக்காராத,
படுத்தே இரு" என்கிறாள் கோச்சிங் தெய்வானை.
உயரம்தான் என் கவலை என்று
அவளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்குப் பதினான்கு வயது அப்போது.
பாலக்கோடு ரோட்டில் காலிக்குடங்களோடு
ஊரே உட்கார்ந்திருந்தது.
பல்லின் பழுப்பைப் பார்த்தே
எங்கள் ஜில்லாவைச் சொல்லிவிடலாம்.
பல்லைக் கெடுத்த அந்தத் தண்ணீரும்
பதினெட்டு நாளாக வரவில்லை.
நாலு மணி நேரம் வெயிலில் நின்ற போலீஸ்காரம்மா
குனிந்து அம்மாவின் காதில் ஏதோ கேட்டாள்.
மறியலுக்கு இடமிருந்த ரோட்டில்
ஒரு பெண் ஒதுங்க இடமில்லை.
அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

தக்காளிக் கிரேடு மேல் தொப்பியை வைத்தாள்.
தலைமுடியில் வட்டமாக ஓர் அமுக்கம்.
பெயர் வில்லையில் பா. சந்தனமாரி.
வெள்ளை வெளேர்ப் பற்கள்.
ஒரு வாய் குடித்துவிட்டு,
"இதையா குடிக்கிய?" என்றாள்.
"அதுக்குத்தான உக்காந்திருக்கோம்."
டம்ளரைப் பார்த்தாள்.
மிச்சத்தைக் கீழே ஊற்றாமல்
குடித்து முடித்தாள்.

அரை மணியில் விசில்.
டம்ளர் பிடித்த கைதான்
அம்மாவின் அக்குளில் நுழைந்து
வேனுக்குள் ஏற்றியது.
எங்கள் குடம் உருண்டு
எதிர்க்கடை வாசல் வரை போனது.
பதினோரு பேர் மேல் கேஸ். நாலு வருட வாய்தா.
ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி.

கேட்டேன் ஒருமுறை,
தள்ளினாளா, தாங்கினாளா?
களி கிண்டும் துடுப்பை நிறுத்தாமல்
அம்மா சொன்னாள்:
"அந்த வேனு படி ரொம்ப உசரம்டி."

வெரிபிகேஷனில் கேஸ் பற்றிக் கேட்பார்களாம்.
ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து
மடிப்பில் கிழிந்த தாளை எடுத்துத் தந்தாள்.
"நம்பரு தப்பில்லாம எழுதிக்க."
போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும்.

பிராந்திக் கடை விளக்கைத் தாண்டி
பயப்படாமல் வீட்டுக்கு நடக்க வேண்டும்,
அதற்குத்தான் இந்த வேலை என்று ஒருநாள் தோன்றும்.
கடையில் நிற்பவர்கள் என்னைப் பார்த்துப்
பயந்தால் நன்றாயிருக்கும் என்று மறுநாள் தோன்றும்.
இரண்டாவது நாள்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.
யார் வீட்டுக் கிரேடு மேல்
என் தொப்பியைக் கழற்றி வைப்பேன்?
வைத்துவிட்டு, விசில் கேட்டதும்?

விடியாத நாலே முக்கால்.
பஸ் ஸ்டாப்பின் ஒரு பக்கம் ஓசூர்,
மறுபக்கம் தர்மபுரி, ஆயுதப்படை மைதானம்.
கம்பெனி பஸ் வேகம் குறைத்து விளக்கை அணைத்துப் போட்டது.
போங்க என்று கையை வீசினேன்,
சிமெண்ட் பெஞ்சில் மல்லாந்து படுத்தபடி.
முதல் டவுன் பஸ்சுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்.
அதற்குள் ரோந்து வண்டி வந்தால்
லத்தி நுனியால் காலைத் தட்டிக் கேட்பார்கள்,
யாரு நீ, இங்க எதுக்குப் படுத்திருக்க?
முதுகை நீட்டி வைத்துக்கொண்டு
பதில் யோசிக்கிறேன்.