நாற்பத்து நான்கு கோர்

ரிச்சி தெருவில் மே மாதம்
ஏசிக் கடைகளின் பின்பக்கம் வழியாகத்தான் வரும்.
உத்தம்சந்த் கண்ணாடி மேசையைத் துடைத்து
இரண்டையும் வைத்தார்.

இடப்பக்கம், பெட்டி பிரிக்காத புதுசு:
பதினாறு கோர், ஐந்தரை கிகாஹெர்ட்ஸ்,
மூன்று வருட வாரண்டி.
வலப்பக்கம், முட்டை அட்டையில் ஜோடியாய்ப் பழசு:
இருபத்திரண்டும் இருபத்திரண்டும்.
சிறுசேரியில் ஏதோ டேட்டா சென்டர்
காலி செய்தபோது மூட்டையோடு வந்ததாம்.
வாரண்டி?
"கடை இருக்கிற வரைக்கும், மேடம்."

ஒன்றின் நெற்றியில் நீல மார்க்கரில்
ரேக் 14 என்று எழுதியிருந்தது.
துடைத்தும் போகவில்லை.

சாலிகிராமத்தில் எங்கள் ஆபீஸ் ஒரு மாடிப் போர்ஷன்.
நான், பெனாசிர், ஒன்றரை டன் ஏசி.
கையில் ஒரு வெள்ளம்:
மூன்றரை நிமிடம் அடையாறு கரை உடைகிறது,
ஜூன் பத்துக்குள் உடைந்தாக வேண்டும்.

பில் புத்தகத்தின் பின்னட்டையில் பெனாசிர் கணக்குப் போட்டாள்.
புதுசு, போர்டு மெமரி சகலமும் சேர்த்து
ஒரு லட்சத்து அறுபத்தைந்து.
பழசு அறுபத்திரண்டு.
"ஆனா கரண்டு?"
பழசு இரண்டு மடங்கு தின்னும்.
அது கக்கும் சூட்டுக்கு ஏசி தனியாகத் தின்னும்.
பில்லுக்கு நாலாயிரம் கூட.
மிச்சம் பிடித்தது கரைய
இருபத்தாறு ஈ.பி. பில்.
"நாலு வருஷம் நாலு மாசம்.
அதுக்குள்ள ஹவுஸ் ஓனர் நம்மள
நாலு தடவ காலி பண்ணச் சொல்லிடுவாரு."

பென்டிரைவில் ஒரு பிரேம் கொண்டுபோயிருந்தேன்.
புதுசு மூன்றே முக்கால் நிமிடம்.
பழசு நான்கு.
பதினைந்து விநாடிக்கு ஒரு லட்சமா என்று
பெனாசிர் எழுந்தேவிட்டாள்.

இரு, தண்ணீரைப் போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

புதுசு ஒன்பது நிமிடத்தில் முடித்தது.
பழசு இருபத்தாறு.
திரையில் ஒரே ஒரு கோடு உச்சியில்,
மற்றதெல்லாம் தரையில்;
கோயம்பேட்டில் நாற்பத்து மூன்று பேர்
கை கட்டி நிற்க
ஒருத்தன் மட்டும் மூட்டை தூக்குகிற மாதிரி.

உத்தம்சந்த் சாப்ட்வேரைத் திட்டினார்.
நான் திட்டவில்லை.
இரண்டாயிரத்துப் பதினைந்தில், ஜாபர்கான்பேட்டையில்,
டார்ச்சோடு படிக்கட்டில் உட்கார்ந்து
எண்ணியிருக்கிறேன்.
நான்காம் படி முங்காமல்
ஐந்தாம் படி முங்காது.
மொட்டை மாடியில் மூன்று வீட்டு ஆட்கள் இருந்தோம்.
எத்தனை பேர் எண்ணினாலும்
அது ஒவ்வொரு படியாகத்தான் ஏறியது.

கடைசியில் முட்டை அட்டையை வாங்கினோம்.
தண்ணீருக்கென்று தனியாக
ஆறே கோரில் ஒரு துருதுரு டெஸ்க்டாப்,
சாதாரணமாய்ப் பையன்கள் கேம் விளையாட வாங்குவது,
போர்டோடு நாற்பதாயிரம்.
அது நதியைக் கணக்கிட்டுக் கொடுக்கும்;
நாற்பத்து நான்கும் உட்கார்ந்து
வெளிச்சம் பூசும்.
இன்னும் அறுபத்து மூவாயிரம் கையில் என்று
பெனாசிர் கரும்புச்சாறு வாங்கித் தந்தாள்,
ஐஸ் இல்லாமல்.

நேற்று விடிகாலை, பிரேம் 2911.
ஹேர் டிரையர் ஊதுவதுபோல் இரைந்துகொண்டிருந்த பெட்டி
லாக்கில் ஒரு வரி எழுதியிருந்தது:
மெமரியில் ஒரு பிட் புரண்டது. திருத்தப்பட்டது.
அவ்வளவுதான். நிற்கவில்லை. எழுப்பவுமில்லை.
ரேக் 14-இல் இருந்த வருடங்களில்
யாருடைய வட்டியையோ, யாருடைய ரத்த அறிக்கையையோ
இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

"திருத்தலன்னா?"
வெள்ளத்தில் ஒரு துளி
வேறு நிறமாகியிருக்கலாம்.
தியேட்டரில் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

பின்னட்டையை எடுத்து
இதை வரவில் எழுதுவதா என்று கேட்டாள்.
அதற்குள் கீழே மெட்ரோ வாட்டர் லாரி ஹாரன்.
பாதி உடைந்த அடையாற்றை அப்படியே விட்டுவிட்டு
ஆளுக்கு ரெண்டு குடத்தோடு
இறங்கி ஓடினோம்.