திருந்த வேலை

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை.
வெள்ளவத்தையிலிருந்து மரின் டிரைவில்
பம்பலப்பிட்டிப் பக்கமாய் ஓடினேன்.
ஓட்டம் என்பது பெரிய சொல்:
இரண்டு விளக்குக் கம்பத்துக்கு ஓட்டம்
மூன்று விளக்குக் கம்பத்துக்கு மூச்சு.
கோட்டையிலிருந்து வந்த கோச்சி
வாசலில் தொங்கியவர்களோடு
என்னைக் கடந்து போனது.
ஒருவன் கைதட்டினான்.
கேலியோ என்னவோ, எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில்தான்
உடம்பு கணக்குக் கேட்டது.
தொடைக்குள் யாரோ
ஈரச் சாரத்தை முறுக்கிப் பிழிந்து
உதறாமல் விட்டுப் போன மாதிரி.
கெண்டைக்கால் இரண்டும் கல்.
தும்மப் பயமாயிருந்தது.
குளியலறையில் குந்தி எழும்ப
வாளியின் உதவி தேவைப்பட்டது,
வாளியும் என்னோடு சரிந்தது.

எங்கள் வீடு நான்காம் மாடி.
லிஃப்ட் வாசலில் மூன்று மொழியில் ஒரு மட்டை.
தமிழில் மட்டும் பிழை:
'திருந்த வேலை நடைபெறுகிறது.'

ஏறலாம். ஏறுவதில் ஒன்றுமில்லை.
இறங்குவதுதான் வழக்கு.

வழக்கு என்று சும்மா சொல்லவில்லை.
புதுக்கடை நீதிமன்றத்தில்
பத்தொன்பது வருஷமாய்த் தட்டச்சு செய்கிறேன்.
கதிரையிலிருந்தபடியே
கொலை, காணி, விவாகரத்து எல்லாம்
என் விரல் வழியாய்ப் போயிருக்கின்றன.
விரல் மட்டும்தான் நடந்தது.
மற்ற உடம்புக்குத் தவணை,
அடுத்த மாசம், அடுத்த வருஷம்,
பிள்ளையின் சோதனை முடியட்டும் என்று
இன்னொரு தவணை.

இரண்டு படி இறங்கிக் கைபிடியில் தொங்கியபோது
மூன்றாம் மாடி ரிஸ்மியா கதவைத் திறந்தாள்.
'பின்பக்கமா இறங்குங்க' என்றாள்.
முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு
அவளாகக் கண்டுபிடித்ததாம்.

இறங்கினேன்.
என் கதவு என்னைப் பார்த்துக்கொண்டே
சின்னதாகிப் போனது.
ரிஸ்மியா வீட்டுக் கருவாட்டு மணம்
முகத்துக்கு நேரே வந்து மேலே போனது.
முதலாம் மாடியில் ஒரு பெடியன்:
'அன்ரி, ஏன் ரிவேர்ஸ்ல போறீங்க?'

கந்தோரில் தம்மிகா
ஒன்றும் கேட்காமல்
சித்தாலேபக் குப்பியை மேசைமேல் உருட்டிவிட்டாள்.
சாட்சிக் கூண்டு வரை மணந்தது.
பிரதிவாதி மூக்கைச் சுளித்தான்.

அன்று பின்னேரம் படுத்துவிட நினைத்தேன்.
ஆறு வருஷத்துக்கு முன்னும்
இதே மூன்றாம் நாள்தான்,
'நோவு போன பிறகு பார்ப்போம்' என்று
சப்பாத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
நோவு போனது, நானும் போனேன்.

என்னைத் தடுத்தது ஜன்னல்.
கடல் உப்பில் துருவேறிய பிணைச்சல்.
சும்மா விட்டால் இறுகும்,
ஓங்கித் தள்ளினால் உடையும்
(ஒன்றை உடைத்திருக்கிறேன்),
நாளுக்கு நாலு தரம் மெல்ல ஆட்டினால்
முனகி முனகித் திறக்கும்.

ஓடவில்லை.
வாய்க்கால் பாலம் வரை நடந்தேன், திரும்பினேன்.
பன்னிரண்டு நிமிஷம்.
போகும்போது தாரா நடை.
வரும்போது தொடையில் முறுக்கிய துணி
ஒரு சுற்று அவிழ்ந்திருந்தது.
ஒரு சுற்றுத்தான்.

இரண்டு காலும் ஒரேமாதிரி உளைந்தால் நடக்கலாம்,
ஒரு புள்ளியில் ஊசிபோல் குத்தினால் நிற்க வேணும்:
இதுவும் ரிஸ்மியா சட்டம்.
பிரதி எடுக்காமல் மனசில் வைத்திருக்கிறேன்.

கலண்டரில் புள்ளடி போடுகிறேன்.
மழைக்கு நாலு வெற்றுக் கட்டம்,
மாமியின் காய்ச்சலுக்கு மூன்று,
போயா தினத்தன்று ஒன்று.
அதற்குக் காரணம் கிடையாது,
படுத்திருந்தேன்.

ஏழாவது கிழமை ஒரு இரவு
தொடையை அமத்திப் பார்த்தேன்.
நோவைக் காணவில்லை.
இன்னும் கொஞ்சம் அமத்தினேன்,
வாடகைக்கு இருந்தவர் சொல்லாமல் போன
அறையைத் தட்டுவது போல.

லிஃப்ட் இப்போது ஓடுகிறது.
மட்டையை ஒருவரும் கழற்றவில்லை.
அதைக் கடந்து படியால் இறங்குகிறேன்,
முகம் முன்னால்.
நேற்று ஒரு விளக்குக் கம்பம் கூட ஓடினேன்;
இன்றைக்கு இடது கெண்டைக்காலில்
ஏதோ கொஞ்சம்.